காலி அறையில் ஒரு மூச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஆளே இல்லாத அறையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

ஹிக்மத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். அடித்தளம், பழைய படிவங்கள் வைக்கும் அறை. பதிவில் உள்ள ஆட்கள்: பூஜ்ஜியம். மூச்சு விடும் ஆட்கள்: ஒன்று.

ஞாயிறில் வேலை வாரம் தொடங்கும் அம்மான் நகரத்தில், ஷுமைசானிப் பகுதியில் இருந்த அந்த ஏழு மாடி இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் சூடு, குளிர்ச்சி, காற்றோட்டம் மூன்றுக்கும் அவன்தான் இன்ஜினியர். கட்டடத்தில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. மொட்டை மாடியில் இருக்கும் பெரிய இயந்திரம் வெளிக்காற்றை இழுக்கும். அறைகளிலிருந்து வெளியேறும் பழைய காற்றிடமிருந்து சூட்டைப் பிடுங்கி, உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுத்து அனுப்பும். ஒவ்வொரு அறைச் சுவரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார்; அடித்தளத்தில் மட்டும் போன வியாழக்கிழமைதான் மாட்டியிருந்தார்கள். அது ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும், விடுகிற மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் அளக்கும். ஆள் இருந்தால் சூடும் காற்றும் போகும். இல்லையென்றால் ஒன்றும் போகாது. பழைய டீசல் பாய்லர் குடித்ததில் பாதிகூட இப்போது செலவாகவில்லை. "நம்ம கல்யாணத்தைப் பத்தி நீ இவ்வளவு பேசினதில்ல" என்று ஹிக்மத்தின் மனைவி சொல்லிக்காட்டும் அளவுக்கு அவன் அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுவான்.

இன்னும் மூன்று வாரத்தில் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காகச் சோதனை செய்ய ஆள் வரவிருந்தார். தங்கத் தரம் வேண்டுமென்றால் காலி அறைக்குச் சூடு போகக்கூடாது. அதுதான் முதல் விதி.

சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று ஹிக்மத் அன்றே ஆளை அனுப்பிப் புதிது மாட்டவைத்தான். திங்கட்கிழமையும் ஒன்று. செவ்வாயும் ஒன்று. காலை எட்டு ஐந்துக்கு வந்து மாலை மூன்றரைக்குக் காணாமல் போயிற்று. மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் பதினைந்து நிமிடம் பூஜ்ஜியம், பிறகு மறுபடி ஒன்று.

ஹிக்மத் யோசித்தான். கெட்டுப்போன சென்சார் மதிய லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வருமா?

புதன்கிழமை அவனே படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்தான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால், டை கட்டி, கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வஸ்ஃபி உட்கார்ந்திருந்தார். அபூ ஷாஹிர், அதாவது ஷாஹிரின் அப்பா, என்று அலுவலகமே கூப்பிடும் வஸ்ஃபி. விபத்துப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஐந்து மாதத்துக்கு முன்புதான் கேக் வெட்டி, கேடயம் கொடுத்து, ரிடையர்மென்ட் என்று அனுப்பிவைத்திருந்தார்கள். கேடயத்தைத் தூக்கிக் காரில் வைத்தவனே ஹிக்மத்தான்.

"கதவைச் சாத்து இன்ஜினியர், சூடு வெளிய போகுது" என்றார் அபூ ஷாஹிர்.

ஹிக்மத் சாத்தினான். பிறகுதான் கேட்டான். "நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வேலைதான்." அவர் கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. "தொண்ணூத்தி நாலுல ஸர்கா ரோட்டுல தக்காளி லாரி ஒண்ணு கவுந்துச்சு. அந்த ஃபைலைப் பாக்கறேன். எவன் எழுதினான்னு தெரியல, ஒரு வரியில மூணு தப்பு. திருத்திட்டிருக்கேன்."

"அபூ ஷாஹிர், நீங்க ரிடையர் ஆயிட்டீங்க."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி உம் ஷாஹிருக்குத் தெரியாது." அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷம் நீட்டிச்சுக் குடுத்துருக்காங்கன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாப்பது வருஷமா காலைல ஏழு மணிக்கு என் டையைச் சரி பண்ணி வாசல்ல நின்னு அனுப்பறவ. நாளைலேர்ந்து வேணாம்னு எப்படி இன்ஜினியர் சொல்றது? அவளால தாங்க முடியாது."

"உள்ள எப்படி வரீங்க? உங்க கார்டை நிறுத்தியாச்சே?"

"வாட்ச்மேன் என்னைப் பார்த்தாலே அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவான், நல்ல மனுஷன். இந்த ரூம் பூட்டை மாத்தவே மறந்துட்டாங்க. மேஜை, நாற்காலி, கெட்டில் எல்லாத்தையும் யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க. இந்த கம்பெனில எல்லாமே மெத்தனம்தான். நான் சாதகமா எடுத்துக்கிட்டேன்."

அவர் கெட்டிலிலிருந்து மரமிய்யா என்ற வாசனை இலை போட்ட தேநீரை ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார். வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த லப்னே என்ற கெட்டித் தயிர் தடவிய ரொட்டியில் பாதியைப் பிய்த்து அதையும் நகர்த்தினார். ஹிக்மத் அங்கேயே ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். வெளியே போகச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ரொட்டி வாய்க்குள் போய்விட்டது.

மாலை இயக்குநர் ராதிப் பே, அதாவது ராதிப் ஐயா, தொலைபேசியில் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். கூப்பிட்டால் காரணம் இருக்கும்.

"இந்த வார ரிப்போர்ட்ல ஏதாவது வித்தியாசமா இருக்கா ஹிக்மத்?"

"இல்லையே பே."

"கீழ்த்தளத்துல?"

"கீழ்த்தளத்துல ஒண்ணுமில்ல பே."

"நல்லது. சோதனைக்கு வர்றவங்க கேள்வி கேக்கற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. புரியுதா?"

மோப்பம் பிடித்துவிட்டார் என்று ஹிக்மத்துக்குப் புரிந்தது. அன்றே படிவ அறைக்குப் போகும் சூட்டை நிறுத்தினான். திரையில் அந்த அறையின் செலவு பூஜ்ஜியத்துக்கு வந்தது. ஒரு தடிமனான கம்பளியை வாங்கி அபூ ஷாஹிரின் நாற்காலியில் போட்டான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, அடித்தளப் படிவ அறையில் இருபத்தாறு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹிக்மத் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் மொட்டை மாடி இயந்திரம் முழு வேகத்தில் உறும ஆரம்பித்தது. இருபத்தாறு பேருக்கு வேண்டிய புதுக் காற்றை அது அடித்தளத்துக்கு அனுப்பியது. அதற்காக மற்ற மாடிகளின் பங்கைக் குறைத்தது. எல்லோருக்கும் மேலே, ஏழாவது மாடியில் இருந்த ராதிப் பேயின் அறை முதலில் குளிர்ந்தது.

போன் அடித்தது. "ஹிக்மத், என் அறையில பேச வாயைத் திறந்தா புகை வருது."

"இதோ பாத்துடறேன் பே!"

"கீழ எல்லாம் சரியாத்தானே இருக்கு? கீழ?"

ஹிக்மத் போனை வைத்துவிட்டு ஓடினான். படிவ அறையில் அபூ ஷாஹிர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு சிறிய கேஸ் ஹீட்டருக்கு முன்னால் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிலிண்டரையும் சேர்த்து வீட்டிலிருந்து டாக்சியில் கொண்டுவந்திருந்தார்.

ஹிக்மத் பாய்ந்து போய் அதை அணைத்தான். "என்ன காரியம் பண்றீங்க! அடைச்ச ரூம்ல கேஸைக் கொளுத்திட்டு உக்காந்தா அப்படியே தூங்கிப் போயிடுவீங்க. எழுந்திரிக்கவே மாட்டீங்க!"

"ஏன் கத்தற? உன் மிஷின்தான் ஜோரா காத்து அடிச்சுதே."

"அது இந்த ஹீட்டரை இருபத்தாறு மனுஷங்கன்னு நெனச்சுக்கிட்டு அடிச்சுது!"

அபூ ஷாஹிர் ஹீட்டரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "இதுவா?"

பூட்டிய அறையில் அவரைத் தனியாக வைத்திருப்பது ஆபத்து என்று ஹிக்மத் முடிவு செய்தான். நூறு பேர் மூச்சு விடும் இடத்தில் நூற்றியொன்று தெரியவா போகிறது? மறுநாள் அவரை இரண்டாவது மாடிக்குக் கூட்டிப்போய், விபத்துப் பிரிவில் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். "தலையைத் தூக்கக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது" என்றான்.

"நான் எப்ப பேசியிருக்கேன்?" என்றார் அபூ ஷாஹிர்.

அவர் பேசவில்லை. மற்றவர்கள்தான் வந்து பேசினார்கள். முதலில் பக்கத்து மேஜைப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். வெள்ளத்தில் மிதந்துபோன கார் இன்னொரு காரில் மோதினால் அது விபத்தா, வெள்ளமா? அவர் அரை நிமிடத்தில் சொன்னார். அவள் ஒன்றரை மாதமாகக் கட்டிவைத்திருந்த ஃபைல் அது. செய்தி பரவியது. மூன்றாவது மாடியிலிருந்து ஃபைலோடு வந்தார்கள். நான்காவது மாடியிலிருந்து ஃபைலும் இல்லாமல், சும்மா கன்னத்தில் முத்தமிட்டு நலம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் எள் தூவிய கஅக் ரொட்டி ஒரு பை நிறைய வாங்கிவந்தார்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"ஹிக்மத், ரெண்டாவது மாடியில ஒரு தூணுக்குப் பின்னாடி முப்பத்தி நாலு பேர் மூச்சு விடறதா என் போன்ல காட்டுது. என்ன கூட்டம் அது, எனக்குத் தெரியாம?"

ராதிப் பேயின் கைப்பேசியிலும் அந்தத் திரை தெரியும்படி போன வருடம் பெருமையோடு ஏற்பாடு செய்து கொடுத்தது ஹிக்மத்தேதான்.

"பயிற்சி பே. உள் பயிற்சி."

"ம். அடித்தளத்துல எத்தனை பேர்?"

இதற்கு மட்டும் ஹிக்மத்தால் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்ல முடிந்தது. "பூஜ்ஜியம் பே."

ராதிப் பே மெதுவாகக் கேட்டார். "பூஜ்ஜியமா? நல்லாப் பாத்தியா? காலைலேர்ந்தே பூஜ்ஜியமா?"

"காலைலேர்ந்தே பே."

"நான் கீழ வரேன்."

ஹிக்மத் இரண்டாவது மாடிக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கூட்டத்தைக் கலைத்தான். அபூ ஷாஹிரை எழுப்பிக் கழிப்பறைக்குள் தள்ளினான். ராதிப் பே லிஃப்டில் நேரே அடித்தளத்துக்கு இறங்கிப் படிவ அறையைத் திறந்து பார்த்தார். காலி நாற்காலியில் கிடந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு மேஜையையும் பார்த்துக்கொண்டே போனார். அவர் முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு கோபத்தை ஹிக்மத் அவரிடம் பார்த்ததே இல்லை.

அன்று மாலை ஹிக்மத் அபூ ஷாஹிரிடம் கெஞ்சினான். "மறுபடி கீழ ரூமுக்கே போயிடுங்க, சூடு குடுத்துடறேன். ஆனா சோதனை நாள் மட்டும் வராதீங்க. அந்த ஒரு நாள் வீட்டுல இருங்க. காய்ச்சல்னு சொல்லுங்க. எனக்கு இந்த வேலை போச்சுன்னா வேற இல்ல அபூ ஷாஹிர்."

அவர் நெஞ்சில் கை வைத்தார். "வரமாட்டேன். வார்த்தை குடுத்துட்டேன்."

சோதனை நாளன்று அம்மானில் பனி கொட்டியது. பாதி நகரம் வீட்டிலேயே இருந்தது. காலை எட்டு ஐந்துக்கு, தலையிலும் தோளிலும் வெள்ளையாக, அபூ ஷாஹிர் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"வார்த்தை குடுத்தீங்களே!"

"என்ன பண்றது? காய்ச்சல்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள அவ டையைக் கட்டி விட்டுட்டா."

சான்றிதழ்க் குழுவின் இன்ஜினியர் ருதைனா அதற்குள் ராதிப் பேயோடு லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். சிறிய உருவம், பெரிய குறிப்பேடு. "கீழேர்ந்து ஒவ்வொரு மாடியா மேல போவோம்" என்று அவள் சொல்வது வாசல்வரை கேட்டது.

ஹிக்மத் அபூ ஷாஹிரின் காதில் சொன்னான். "நாங்க எந்த மாடிக்கு வரோமோ, அதுக்கு மேல் மாடிக்குப் போயிடுங்க. காலியா இருக்கற ரூமாப் பாத்து உக்காருங்க."

அது நல்ல யோசனைதான். ஆனால் ருதைனா அடித்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு, "மத்ததை எல்லாம் திரையிலேயே பாக்கலாமே" என்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்துவிட்டாள். அது அபூ ஷாஹிருக்குத் தெரியாது.

திரையில், மூன்றாவது மாடியின் காலியான கூட்ட அறை பச்சையாக மாறியது. சூடு போனது. மூன்று நிமிடம் கழித்து அது அணைந்து, நான்காவது மாடியின் பயிற்சிக் கூடம் பச்சையானது. பிறகு ஐந்தாவது மாடியில் விருந்தினர் அறை. ஒற்றை ஆள், அறை அறையாக, மேலே மேலே போய்க்கொண்டிருந்தார்.

ருதைனா பேனாவால் திரையைத் தட்டினாள். "இது யாரு? இந்த ரூம் எல்லாம் இன்னிக்கு காலின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

ராதிப் பே ஹிக்மத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் மெல்லச் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"அது நம்ம ஏற்பாடு" என்றார். "காலி ரூமுக்கு ஆள் வந்தா எவ்வளவு சீக்கிரம் சூடு வருது, போனா எவ்வளவு சீக்கிரம் நிக்குதுன்னு நீங்க பாக்கறதுக்காக ஒருத்தரை நடக்க விட்டிருக்கோம்."

ஹிக்மத் அவரைத் திரும்பிப் பார்த்தான். தங்கத் தரத்துக்காக இந்த மனிதர் இப்படி ஒரு பொய்யைக் கண்ணை இமைக்காமல் சொல்வார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

ருதைனாவின் முகம் மலர்ந்தது. "பன்னெண்டு வருஷமா கட்டடம் பாக்கறேன், யாருமே இப்படிச் செஞ்சதில்ல!" அவள் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "ரொம்ப வேகமா போயிட்டார், நான் குறிச்சுக்கல. இன்னொரு தடவை போகச் சொல்லுங்க. இந்தத் தடவை மேலேர்ந்து கீழ."

ஹிக்மத் தாழ்வாரத்துக்குப் போய்ப் போன் செய்தான். "அபூ ஷாஹிர், இன்னொரு ரவுண்டு."

"என்னது?" இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. "துரத்திக்கிட்டு வராங்களா?"

"வராங்க. இப்ப கீழ இறங்குங்க. ஒவ்வொரு ரூம்லயும் நாலு நிமிஷம்."

அவர் இறங்கினார். ருதைனா எழுதினாள். சந்தேகத்துக்கு ஒரு தரம் மறுபடி ஏறச் சொன்னாள். அறுபதைத் தாண்டிய அபூ ஷாஹிர் மறுபடி ஏறினார். கடைசியில் ஏழாவது மாடியின் சேமிப்பு அறை பச்சையானது. அதற்குப் பக்கத்தில், மூச்சு விடும் ஆட்கள்: மூன்று.

"மூணா?" என்றாள் ருதைனா.

"ஒருத்தர்தான்" என்றான் ஹிக்மத். "கொஞ்சம் வேகமா விடறார்."

தங்கத் தரத்துக்குப் பரிந்துரை செய்வதாகச் சொல்லி, ருதைனா கைகுலுக்கிவிட்டுப் போனாள். கதவு மூடியதும் ஹிக்மத் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தயாரானான். மூன்று வாரமாகச் சொன்ன பொய் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. "பே, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லாதே." ராதிப் பே கையை உயர்த்தினார். "என்கிட்ட எதையும் சொல்லாதே, என்னை எதையும் கேக்காதே. மேல மூச்சு வாங்கிட்டு இருக்கறவர் யாரா இருந்தாலும், அவரை உன் கார்ல கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு வா. பனியில டாக்சி கிடைக்காது."

சான்றிதழ்தான் என்னைக் காப்பாற்றியது என்று எண்ணிக்கொண்டு ஹிக்மத் மேலே ஓடினான்.

அவர் வீடு இருந்த அஷ்ரஃபிய்யா மேட்டில் கார் வழுக்கி வழுக்கி ஏறியது. அபூ ஷாஹிர் டையைத் தளர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பாதி வழியில் பேசினார்.

"முதல்முதல்ல திரையில என்னைப் பாத்தியே, என்னன்னு காட்டுச்சு?"

"யாரோ மூச்சு விடறாங்கன்னு."

அவர் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார். "அஞ்சு மாசம் ஆச்சு. கேக்கைத் தின்னுட்டு எல்லாரும் அவங்கவங்க மேஜைக்குப் போயிட்டாங்க. நான் இன்னும் மூச்சு விடறேனான்னு பாத்தது ஒரு மிஷினும் நீயும்தான். வேற யாருக்கும் தெரியாது இன்ஜினியர். வீட்டுல இருக்கறவளுக்குக்கூடத் தெரியாது, நான் எங்க உக்காந்திருக்கேன்னு."

ஹிக்மத் காரின் ஹீட்டரை ஒரு புள்ளி கூட்டினான்.

மூன்றாவது மாடி வீட்டுக் கதவை உம் ஷாஹிர் திறந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். ஹிக்மத் வழியெல்லாம் தயார் செய்துவந்ததை ஒப்பித்தான்.

"இன்னிக்கு ஆபீஸ்ல முக்கியமான சோதனைங்க. இவர் இல்லாம நடந்தே இருக்காது. ஏழு மாடியும் இவர்தான் ஏறி இறங்கினார். அதனாலதான் வேலையை நீட்டிச்சுக் குடுத்திருக்காங்க, விடவே மாட்டேங்கறாங்க."

"பின்ன? அவ்வளவு அனுபவம்" என்றாள் உம் ஷாஹிர், பெருமையோடு. அபூ ஷாஹிர் சோர்விலும் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். அவரைப் படுக்கையில் விட்டு, போர்வையை இழுத்துவிட்டு, அவள் திரும்பி வந்தாள். ஹிக்மத் அதற்குள் இரண்டு படி இறங்கியிருந்தான். அவள் வாசலைத் தாண்டி வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"தம்பி, ராதிப் பேகிட்ட சொல்லிடுங்க, இப்படி மாடி மாடியா ஏறவிட வேணாம், இவருக்குக் கீழ் ரூம்தான் சரி, ரிடையர் ஆன அன்னிக்கே நான் நேர்ல போய் அவர்கிட்ட கேட்டு வாங்கின ரூம் அது."